சர்வருக்குப் பத்துப் பொருத்தம்

கொல்கத்தாவில் இப்போது மணமக்களுக்குப் பொருத்தம் பார்ப்பது பழைய தொழில். சர்வருக்குப் பார்ப்பதுதான் புதுசு. டாக்குரியா ஸ்டேஷன் அருகே 'கிளவுட் ஜோசியர்' மணிவேலின் வாசலில், டை கட்டிய கனவான்கள் கழற்றிய ஷூவைக் கையில் பிடித்தபடி நிற்கிறார்கள். சர்வரை முதன்முதலில் ஆன் செய்த நேரம் அதன் ஜாதகம். பாதுகாப்பு விற்கும் கம்பெனி பதிவான நேரம் அதன் ஜாதகம். இரண்டும் பொருந்தினால் ஹேக்கர் அண்டமாட்டானாம். கேபிளுக்கு ரஜ்ஜு, பாஸ்வேர்டுக்கு வசியம். சிரிக்காதீர்கள், வரிசையில் எம்.பி.ஏ.க்கள் நிற்கிறார்கள்.

கார்டன் ரீச்சில் கப்பல் ஏஜென்சி நடத்தும் பட்டாபியும் வந்திருந்தார். போன மாதம் எவனோ அவருடைய கம்ப்யூட்டர்களை எங்கிருந்தோ பூட்டிவிட்டான். சரக்கெல்லாம் துறைமுகத்திலேயே கிடந்தது. இன்னொரு முறை நடந்தால் ஆபீசை மூட வேண்டியதுதான். மூன்று கம்பெனிகளில் ஒன்றை இன்றே தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

"மூணையும் நம்ம நெட்வொர்க்ல ஓட்டிப் பார்த்துட்டேன் சார். திருட்டு மெயிலை எல்லாம் பிடிச்சது நீலத்திரை கம்பெனி மட்டும்தான்" என்றாள், அவருடைய நெட்வொர்க்கைக் கவனிக்கும் சாதனா.

"நீ மெஷினைப் பார்த்தே. கிரகத்தைப் பார்த்தியோ?"

"சரி சார். அவர் கேக்கற நேரத்தை எல்லாம் நானே வாட்ஸாப்ல அனுப்பிடறேன்."

மணிவேல் போனைப் பார்த்தார். கண்ணை மூடினார். விரலை மடக்கினார்.

"வஜ்ரவேலி, ஒன்பது பொருத்தம்! மேகக்காப்பு, நாலு. நீலத்திரை, ரெண்டே ரெண்டு. கட்டி வெச்சா ஆறு மாசத்துல டைவர்ஸ்!"

"கீ ஆஷ்சர்ஜோ!" என்று வியந்தார் வரிசையில் நின்ற கோஷ் பாபு. பட்டாபி பேனாவைத் திறந்தார்.

"ஒரு நிமிஷம் ஜோசியரே," என்றாள் சாதனா. "மூணு கம்பெனிக்கும் நான் அனுப்பினது ஒரே தேதி, ஒரே நேரம், ஒரே ஊர். நான் ஸ்கூட்டி வாங்கின நேரம் அது. ஒரே ஜாதகத்துக்கு ஒன்பதும் ரெண்டும் எப்படி வந்துது?"

மணிவேல் போனை மறுபடி பார்த்தார். இந்த முறை படித்தார்.

"அது... பேருக்குன்னு ஒரு ராசி இருக்கும்மா..."

"அப்புறம் நேரம் எதுக்குக் கேட்டீங்க?"

கோஷ் பாபு, ஜோசியர் கொடுத்த டீக் கப்பைத் திருப்பி அதில் அச்சடித்திருந்த பெயரைப் பார்த்தார். வஜ்ரவேலி. சுவர்க் காலண்டரில் வஜ்ரவேலி. ஜோசியரின் சட்டைப்பைப் பேனாவிலும் வஜ்ரவேலி. இத்தனை நாளும் எல்லோரும் அந்தக் கப்பில்தான் குடித்தார்கள்.

"ஓய்! நீர் அவாளோட ஏஜெண்டா?" என்றார் பட்டாபி.

"டிஸ்கவுண்ட் வாங்கித் தரேன் சார்..." என்றார் ஜோசியர், பழக்க தோஷத்தில்.

பட்டாபி வாசற்படியிலேயே நீலத்திரைக்குக் கையெழுத்துப் போட்டார். எம்.பி.ஏ.க்கள் சத்தமில்லாமல் ஷூவை மாட்டினார்கள்.

கனவான்களே, ஹேக்கர் ராகுகாலம் பார்த்து வருவதில்லை. நீங்கள் மூளையை ஆஃப் செய்யும் நேரம் பார்த்து வருகிறான்.