நாய்க்கு விடுதலை, ஆட்டுக்கும்

பெண்ணைச் சென்னைக்குப் படிக்க அனுப்பும் அம்மாக்கள், எதற்கெல்லாம் பயப்படுவது என்று முன்கூட்டியே யோசித்து வைத்திருப்பார்கள். நானும் வைத்திருந்தேன். காதல், மஞ்சள்காமாலை, கடல். நாயை மட்டும் யோசிக்கவில்லை.

2001 வாக்கில் என் மகள் மலர், மருந்து சோதிக்கிற ஓர் ஆய்வுக்கூடத்தின் வாசலில் தோழிகளோடு அட்டை பிடித்து நின்றாள். உள்ளே கூண்டில் கிடக்கும் நாய்களை விடச் சொல்லித்தான். (கொல்லிமலையில் டீச்சராக இருந்த எனக்கு அது பேப்பரைப் பார்த்துத்தான் தெரியும். படத்தில் வாய்தான் பெரிதாகத் தெரிந்தது. அவள் அப்பாவின் வாய்.) பல மாதம் கத்திய பிறகு ஆய்வுக்கூடத்தார் இறங்கி வந்தார்கள். வீடு கிடைக்கிற நாயை விடுவார்கள்; கிடைக்காதது மறுபடி கூண்டுக்கு.

கடைசியில் ஒரு நாய் மிஞ்சியது. மலர் எங்கள் வீட்டைச் சொல்லிவிட்டாள்.

எனக்கோ நாய் என்றால் நடுக்கம். வழியில் ஒன்று படுத்திருந்தால் பள்ளிக்கூடத்துக்கே லீவு போட்டுவிடத் தோன்றும்.

"அம்மா, மிருக டாக்டரம்மா நாயோட வந்து வீட்டப் பாத்துட்டுத்தான் முடிவு பண்ணுவாங்க. நீ சிரிச்ச மொகமா மட்டும் இரு, போதும்" என்றாள் போனில்.

அன்று விடிந்ததுமே சிரிக்கத் தொடங்கிவிட்டேன். பத்து மணிக்குள் தாடை வலித்தது. அப்போது என் கொழுந்தனார் மூர்த்தி ஒரு வெள்ளாட்டுக் கிடாயை இழுத்துவந்து வாசல் பலாமரத்தில் கட்டினார். மலைப்பாதையின் அத்தனை வளைவும் ஏறி வண்டியில் வருகிற விருந்தாளிக்குக் கிடா வெட்டாவிட்டால் எங்கள் பக்கம் மானம் போய்விடும்.

"தம்பி, வர்றவங்க நாய்க்காகப் பாடுபடுறவங்க."

"நாய்க்குத்தானுங்களே அண்ணி. ஆட்டுக்கு இல்லீங்களே. கத்தியத் தீட்டிட்டு வாரேன்."

அவரைக் கூப்பிட வாயைத் திறப்பதற்குள் வேன் வந்து நின்றது.

முதலில் மலர் இறங்கிச் செடியோரம் வாந்தி எடுத்தாள். அடுத்து டாக்டரம்மா. நாய் இறங்கவில்லை. தொங்கும் காது, பெரிய கண். பெயர் கிடையாது, காதுக்குள் பச்சை குத்திய எண்தான் இருந்தது. புல்லில் ஒரு காலை வைத்தது, சுட்டதுபோல இழுத்துக்கொண்டது. பிஸ்கட் காட்டினார்கள், கொஞ்சினார்கள். ம்ஹூம்.

"மண்ண மிதிச்சதே இல்ல, பாவம். இந்த இடம் இதுக்கு ஒத்து வராதோ" என்றார் டாக்டரம்மா. மலருக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர் பார்வை ஆட்டின் மேல் விழுந்தது.

"எங்கூட்டுப் புள்ள மாதிரிங்க" என்றேன், சிரித்தபடி.

"பேரு?"

"ராஜா."

சரியாக அந்த நேரத்தில் மூர்த்தி பளபளக்கும் கத்தியோடு வந்து நின்றார். "அண்ணி, தலையத் தனியா எடுத்து வெச்சிரட்டுங்களா?"

டாக்டரம்மா கத்தியைப் பார்த்தார். ராஜாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தேன். (காலையிலிருந்து பழகிய வாய், மூட வரவில்லை.)

"மலர், வேன்ல ஏறு" என்றார்.

முதலில் ஏறியது ராஜாதான். கத்தியைக் கண்டு மிரண்டு கயிற்றை உருவிக்கொண்டு, திறந்திருந்த கதவு வழியே உள்ளே தாவியது. பிஸ்கட்டைத் தின்றது. நாயின் போர்வையைக் கவ்விக்கொண்டு கீழே குதித்து ஓடியது. பிறந்ததிலிருந்து அந்த நாய்க்குச் சொந்தமென்று இருந்தது அந்த ஒரு போர்வைதான் போலிருக்கிறது. அது ஒரு கணம் யோசித்தது. பிறகு புல்லில் குதித்து, தடுமாறி, எழுந்து, வாலை நிமிர்த்திக்கொண்டு ஆட்டின் பின்னால் ஓடியது. வாசலை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு நேராக என்னிடம் வந்தது.

காலியாகக் கிடந்த வேனில் நான் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

டாக்டரம்மா கண்ணாடி வழியே குனிந்தார். "நாய விட்டுட்டுப் போறேன். ஆனா ராஜா இல்லாம இது இருக்காது. வருஷா வருஷம் வந்து ரெண்டையும் பாப்பேன்." சொல்லிவிட்டு மூர்த்தியைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் பலாப்பழம் வெட்ட வந்தனுங்க" என்றார் மூர்த்தி.

அன்று விருந்துக்கு மரவள்ளிக்கிழங்கும் ரசமும். சொன்னபடியே டாக்டரம்மா வருஷா வருஷம் வந்தார். ராஜா கிழடு தட்டி, பல் விழுந்து, நிம்மதியாகச் செத்தது. அதுவரை அந்த நாய் அதன் வயிற்றில் தலை வைத்துத்தான் தூங்கியது. எனக்கு இன்றும் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் தாடை வலிக்கிறது.

மலரைப் பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளை வீட்டார் காரிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கும்போதே மூர்த்தி வாசலிலிருந்து சத்தமாகக் கேட்டார்.

"ஏனுங்க அண்ணி, இவங்க எதுக்குப் பாடுபடுறவங்க?"