சேர்த்து வைக்கும் பெரியப்பா

மனிதர்களில் ‘சேர்த்து வைப்பவர்’ என்று ஓர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். அடித்த புருஷனையும் அடிபட்ட பெண்டாட்டியையும் மறுபடி ஒரே வீட்டில் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கென்றே ஆண்டவன் தம்மைப் படைத்திருக்கிறான் என்று இவர் சொல்லுவார். ஆண்டவன் சொல்லி நான் கேட்டதில்லை.

இவரை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். வேட்டி வெளுப்பாக இருக்கும், நெற்றியில் திருநீறு பட்டையாக இருக்கும், குரலில் எண்ணெய் தடவியிருக்கும். அடிபட்டவள் பிறந்த வீட்டுக்கு ஓடி வந்து, மூட்டையை இறக்கி, ஒரு செம்புத் தண்ணீர் குடித்து, அம்மா முகத்தைப் பார்த்து ஒரு மூச்சு அழுது முடிப்பதற்குள் இவர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பார். யார் சொல்லித் தெரிந்தது? அது யாருக்கும் தெரியாது. தந்திகூட எங்கள் பக்கம் இம்புட்டு வேகமாக வந்ததில்லை.

உட்கார்ந்ததும் முதல் வார்த்தை, “என்ன ஆத்தா, ஒண்ணுமில்லையே?” அவளுக்குக் கண்ணுக்குக் கீழே கறுத்து வீங்கியிருக்கும். “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல” என்று பதிலையும் அவரே சொல்லிக்கொள்வார். அடுத்த வார்த்தை, “நான் இருக்கேன்ல?” அதற்கும் அடுத்தது, “நாலு பேரு காதுல விழுறதுக்குள்ள பேசி முடிச்சிரணும்.” அந்த நாலு பேர் யார் யார் என்று நான் ரொம்ப நாள் விசாரித்துப் பார்த்தேன். அதில் மூன்று பேர் இவரேதான்.

கெட்டவரா என்றால், இல்லை. அதுதான் சங்கடம். அழகர் ஆற்றில் இறங்கும்போது தண்ணீர்ப் பந்தல் வைப்பார், சாவு வீட்டில் முதல் ஆளாகப் போய் மூங்கில் வெட்டுவார், கோயில் தேர் நின்றுபோனால் சக்கரத்துக்குத் தோள் கொடுப்பார். கெட்டவராக இருந்தால் கதவைச் சாத்திவிடலாம். நல்லவரை என்ன செய்வது?

இவருடைய முறையைச் சொல்கிறேன். புருஷனை வரவழைத்து, கருப்பசாமி கோயிலுக்கு முன்னால் நிறுத்தி, வெற்றிலையில் சூடம் கொளுத்தி, “இனிமே கை நீட்ட மாட்டேன்” என்று அவன் வாயால் சொல்ல வைத்து, எரிகிற சூடத்தை அவன் உள்ளங்கையால் அடித்து அணைக்க வைத்து, இருவர் நெற்றியிலும் திருநீறு பூசி, பெண்ணின் தலையில் ஒரு முழம் பூவைச் சொருகி, வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுவார். முடிந்தது. சூடம் அணைத்த பிறகு, நடந்ததைப் பற்றி யாரும் மூச்சு விடக் கூடாது. விட்டால் சாமியையே சந்தேகப்பட்டதாக ஆகிவிடும்.

நியாயத்தைப் பாருங்கள். பொய்ச் சத்தியம் செய்தவன் மீசையை முறுக்கிக்கொண்டு திரியலாம். அது பொய் என்று சொன்னவள்தான் சாமி குற்றம் செய்தவள். கருப்பசாமி தம் பாட்டுக்கு எல்லையைக் காத்துக்கொண்டு நிற்கிறவர். அவரைப் பிடித்துக்கொண்டு வந்து ஒரு பெண்ணின் வாய்க்குப் பூட்டாக மாட்டினால், பாவம், அவர்தான் என்ன செய்வார்?

ஓர் ஆளைக் காட்டாவிட்டால் நான் இட்டுக்கட்டுகிறேன் என்பீர்கள். காட்டுகிறேன். மதுரைப் பக்கம் பரவையில் நல்லகாமன் என்று ஒரு பெரியவர். உலகச் சண்டை நடக்கிற காலம், பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் கரிப்புகையில் ஓடிய வருஷம். அவருடைய காலமான தம்பியின் மகள் ஒச்சாயியைத் துவரிமானுக்குப் பக்கத்தில் கருத்தக்கண்ணன் என்பவனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். இரண்டு வருஷத்தில் மூன்று தடவை அடிபட்டு வந்தாள். மூன்று தடவையும் நல்லகாமன் சூடம் அணைக்க வைத்தார். மூன்றாவது தடவை மாப்பிள்ளை வக்கீல் மாதிரி பேசினான்.

“என்ன மாப்ள இது? சாமி முன்னாடி சொன்னியேப்பா?”

“கை நீட்ட மாட்டேன்னுதான மாமா சொன்னேன்? கையவா நீட்டுனேன்? வெறகுக் கட்டையில்ல?”

நல்லகாமன் மோவாயைத் தடவி யோசித்தார். “அதுவும் சரிதான். அப்ப இந்தத் தடவ வெறகையும் சேத்துச் சொல்லிரு.”

சேர்த்துச் சொன்னான். சூடம் அணைந்தது.

நான்காவது தடவை ஒச்சாயி வந்தபோது கையில் மூட்டை இல்லை. கண்ணில் அழுகையும் இல்லை. பேச்சும் நின்றுபோயிருந்தது. வாசலில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் எழுந்துபோய் நெல் கொட்டி வைக்கிற குலுக்கைக்குப் பின்னால் ஒடுங்கிக்கொள்வாள். கண்ணை மூடமாட்டாள். சோற்றை ஊட்டினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஒரே ஒரு தடவை தாய் முத்துத்தாயிடம் வாயைத் திறந்தாள். “கெணத்தடிக்குப் போனா கெணறு என்னையக் கூப்பிடுதும்மா” என்றாள். அன்றிலிருந்து முத்துத்தாய் அவளைத் தண்ணீருக்கு அனுப்பவில்லை. தானும் அவளை விட்டு நகரவில்லை.

“மச்சான், மதுரைக்குக் கூட்டிப் போய்க் காட்டணும்” என்றாள் முத்துத்தாய்.

“கிறுக்கா ஒனக்கு? டாக்டருட்டப் போனா ஊரு என்ன சொல்லும்? பைத்தியம்னு பேரு வந்திரும். இவளுக்குக் கீழ ஒருத்தி இருக்கா, அவள எவன் வந்து கட்டுவான்? ஆடி பொறக்கங்குள்ள கொண்டுபோய் விட்டுருவோம். புருஷன் வீட்டுக் காத்துப் பட்டா எல்லாம் சரியாப் போகும்.”

புருஷன் வீட்டுக் காற்றில் என்ன மருந்து கலந்திருக்கிறதோ தெரியாது. ஆனால் இந்த இனம் முழுக்க அதை நம்புகிறது.

முத்துத்தாய் மசியவில்லை. அதனால் நல்லகாமன் நடுவழி ஒன்று கண்டுபிடித்தார். கோடாங்கி. அதில் யாருக்கும் வெட்கமில்லை பாருங்கள்: பேய் பிடித்தால் அது பேயின் குற்றம். மனசு உடைந்தால்தான் குடும்பத்துக்குக் கேவலம்.

கோடாங்கி சிவனாண்டி மூன்று வெள்ளிக்கிழமை உடுக்கை அடித்தார், வேப்பிலை வீசினார், “யாரு நீ, பேரைச் சொல்லு” என்று தொண்டை கட்டுகிற அளவுக்குக் கேட்டார். ஒச்சாயி அசையவில்லை. மூன்றாம் வெள்ளிக்கிழமை அவர் உடுக்கையைக் கீழே வைத்துவிட்டு நல்லகாமனைத் தனியே கூப்பிட்டார்.

“அண்ணே, என் பொழப்ப நானே கெடுத்துக்கிர்றேன். இதுல பேயும் இல்ல பிசாசும் இல்ல. பேயின்னா வேப்பிலைக்கு ஓடிரும். இவளப் பிடிச்சது அங்க துவரிமான்ல மீசை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. அதுக்கு என்கிட்ட இலை இல்ல. டாக்டருட்டக் கூட்டிப் போங்க.”

கோடாங்கியே கைவிட்ட பிறகு நல்லகாமன் என்ன செய்வார்? “சரி, போவோம். நானும் வாரேன்” என்றார். “பேச வேண்டியதெல்லாம் நான் பேசிக்கிறேன்.”

மதுரை கோரிப்பாளையத்தில் ஒரு டாக்டரம்மா ஆறு கட்டில் போட்டு ஒரு சின்ன ஆஸ்பத்திரி வைத்திருந்தார். மனசு சரியில்லை என்று வருகிறவர்களையும் விரட்டாமல் உட்கார வைத்துக் கேட்பார் என்று பெயர். கரி பஸ் வழியில் இரண்டு இடத்தில் நின்று, ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தார்கள். டாக்டரம்மா ஒச்சாயியைத் தமக்கு எதிரே உட்கார வைத்தார்.

“உன் பேரு என்னம்மா?”

“ஒச்சாயிங்க” என்றார் நல்லகாமன்.

“தூக்கம் வருதா?”

“அடிச்சுப் போட்ட மாதிரித் தூங்குமுங்க.”

“பசி எடுக்குதா?”

“எங்க குடும்பத்துப் பிள்ளைக்குப் பசிக்கென்னங்க கொறச்சல்?”

டாக்டரம்மா எழுந்து வந்து ஒச்சாயியின் முதுகைப் பார்த்தார். “இந்தத் தழும்பு?”

“மாவாட்டயில வழுக்கி விழுந்துருச்சுங்க.”

“இவ என்ன, முதுகாலயா மாவாட்டுறா?”

நல்லகாமன் அடுத்த பதிலுக்கு வாயைத் திறந்தார். டாக்டரம்மா அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். “பெரியவரே, உங்களுக்குக் காய்ச்சல் அடிக்குது போலத் தெரியுதே. ஆ காட்டுங்க.” காட்டினார். ஒரு தர்மாமீட்டரை நாக்குக்கு அடியில் வைத்தார். “நான் வந்து எடுக்கிற வரைக்கும் உதட்டை மூடிக்கிட்டு இருக்கணும். உள்ள பாதரசம் இருக்கு. உடைஞ்சா விஷம்.”

நல்லகாமன் உதட்டை மூடினார். இதைப் பரவைச் சந்தையில் சொன்னால் ஒருவர்கூட நம்பமாட்டார்.

டாக்டரம்மா ஒச்சாயி பக்கம் திரும்பினார். கையை மட்டும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒச்சாயி பெரியப்பாவின் மூடிய வாயை ஒருதரம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

“சொல்லக் கூடாதுங்க. சூடம் அணைச்சிருக்கு.”

“யாரு அணைச்சது?”

“அவுகதான்.”

“நீ அணைச்சியா?”

ஒச்சாயி யோசித்தாள். ஒவ்வொரு தடவையாக நினைத்துப் பார்த்தது போல இருந்தது. “இல்லைங்க. நான் அணைக்கல.”

“அப்ப சத்தியம் பண்ணுனது அவரு. நீ சொல்லலாம்.”

மூலையில் நல்லகாமன் ‘ம்ம்’ என்று ஏதோ சொல்ல முயன்றார். கண்ணாடிக்குழாய் ஆடியது. டாக்டரம்மா விரலைக் காட்டினார். அடங்கிவிட்டார்.

ஒச்சாயி சொன்னாள். “படுத்தா ஒலக்கைச் சத்தம் கேக்குதுங்க. எங்கிட்டு எவ நெல்லுக் குத்துனாலும் என் தலையிலதான் விழுது. போன அமாவாசை அவுக ஒலக்கையத் தூக்கிட்டாக. ‘அடுத்த தடவ ஒன் பெரியப்பனுக்குப் பேசி முடிக்கிற வேலையே இருக்காது’ன்னு சொன்னாக. அம்மா, எனக்குச் சாகப் பயமில்ல. அந்த வீட்டுக்குப் போகத்தான் பயமாருக்கு.”

முத்துத்தாய் சேலையை வாயில் அடைத்துக்கொண்டாள். நல்லகாமன் குழாயைக் கவ்வியபடி, இமைக்காமல், தம்பி மகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இத்தனை நாளில் அவளைப் பற்றி எவ்வளவோ பேசியிருக்கிறார். அவள் பேசி அவர் கேட்டது அன்றைக்குத்தான்.

“இது பேயில்ல, பைத்தியமும் இல்ல” என்றார் டாக்டரம்மா. “பயந்து பயந்தே மனசு புண்ணாப் போச்சு. தூங்குறதுக்கு மருந்து தாரேன். ஆனா பயமில்லாத இடந்தான் பெரிய மருந்து. ஒரு மாசம் இங்க இருக்கட்டும். அந்த வீட்டு ஆள் யாரும் வந்து பார்க்கக் கூடாது.” பிறகு தர்மாமீட்டரை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். “காய்ச்சல் இல்ல பெரியவரே. இப்பப் பேசலாம். ‘நான் இருக்கேன், நான் இருக்கேன்’னு வாசல்லயே சொல்லிக்கிட்டு வந்தீங்களாமே. இந்தக் காகிதத்துல, இவளுக்கு நான் பொறுப்புன்னு ஒரு கையெழுத்துப் போடுங்க.”

பாருங்கள், இந்த இனத்துக்கு ஆகாத பொருள் ஒன்று உண்டென்றால் அது பேனா. ஊரெல்லாம் பேசி முடித்தவர், ஒரு தாளைப் பார்த்ததும் மூன்றடி பின்னால் போனார்.

“அதுக்கென்னங்க, போட்ருவோம்... மாப்ளைய ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டு... நாளப்பின்ன கோர்ட்டு கச்சேரின்னு வந்துச்சுன்னா...”

“மச்சான், செத்த நகருங்க” என்றாள் முத்துத்தாய். “பெத்தவ நான் நிக்கிறேன்ல? எழுதத் தெரியாது தாயி. கட்டைவிரல் செல்லுமா?”

செல்லும் என்றார் டாக்டரம்மா. முத்துத்தாய் விரலை மையில் தோய்த்து, தாளே கிழிந்துவிடுகிற மாதிரி அழுத்தி வைத்தாள்.

பஸ்ஸில் திரும்பும்போதே நல்லகாமன் பக்கத்தில் இருந்தவரிடம், “எம் தம்பி மகள நான்தான் மதுரையில பெரிய டாக்டருட்டக் கொண்டுபோய் விட்டுட்டு வாரேன்” என்று ஆரம்பித்துவிட்டார். அதை நாம் மன்னித்துவிடலாம். ஏனென்றால் ஐந்தாம் நாள் கருத்தக்கண்ணன் பூவும் சூடமும் வாங்கிக்கொண்டு, சத்தியத்துக்குத் தயாராக, அவர் வாசலிலே வந்து நின்றான்.

“ஒச்சாயி எங்க மாமா? இந்தத் தடவ என்னென்ன சேத்துச் சொல்லணும், சொல்லுங்க.”

நல்லகாமன் அவனை மேலும் கீழுமாகப் பார்த்தார். அவர் வாயில் அப்போது எந்தக் குழாயும் இல்லை.

“அவ எங்கன்னு எனக்குத் தெரியாது மாப்ள” என்றார். “சூடத்த எடுத்துக்கிட்டு நட.”

பொய்தான். திருநீறு பூசிய நெற்றியோடு சொன்ன பொய். மதுரை மீனாட்சி தாயாக இருப்பதால் அவருடைய நல்ல காரியங்களோடு அதையும் சேர்த்து வைத்திருப்பாள் என்றுதான் நம்புகிறேன்.

ஒச்சாயி முதல் இரண்டு நாளும் தூங்கினாள். மூன்றாம் நாள் கம்பங்கூழ் கேட்டாள். தெருவில் உலக்கைச் சத்தம் கேட்டால் இன்னும் திடுக்கிடுகிறாள். எல்லாம் ஆறிவிட்டது என்று நான் எழுதினால், ‘ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல’ என்கிற கூட்டத்தில் நானும் ஒரு ஆளாகிவிடுவேன்.

“எங்கள் தெருவிலும் இப்படி ஒருத்தர் இருக்கிறார்” என்று நீங்கள் இந்நேரம் பக்கத்து வீட்டைப் பார்த்திருப்பீர்கள். பாருங்கள், தப்பில்லை. ஆனால் நாளைக்குக் காலையில் உங்கள் வாசலிலேயே ஒரு பெண், தலை கலைந்து, வெறுங்கையோடு வந்து நிற்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வாயிலிருந்து முதலில் என்ன வரும்? ‘உள்ள வா, உக்காரு’ என்று வருமா? ‘வீட்டுல சொல்லிட்டு வந்தியா?’ என்று வருமா? பக்கத்தில் யாரும் இல்லாத சமயம் பார்த்து ஒருதரம் சொல்லிப் பாருங்கள். எது முந்திக்கொண்டு வந்தது என்பதை என்னிடம் சொல்ல வேண்டாம்.