சரக்கு மாஸ்டரின் கையும் நாலு ஜீவன்களும்

திருச்சி ஜில்லாவிலேயே என் பொறுமையை முழுசாகத் தின்று தீர்த்த ஒரே மனிதர் எங்கள் சரக்கு மாஸ்டர்தான். நான் சாமானிய ஆளில்லை. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இரண்டே வாடகை சைக்கிளோடு ஸ்ரீரங்கத்தில் கடை போட்டு, பின்னால் பஸ் பாடி கட்டும் பட்டறை வரைக்கும் வளர்ந்தவன். போலீஸ்காரரே என்னிடம் குரலை இறக்கித்தான் பேசுவார். அப்பேர்ப்பட்ட என்னை ஒரு கிளிக்குத் தலை துவட்ட வைத்தவர் அவர்.

ஐம்பதுகளின் கடைசியில் மாஸ்டர் என் கடைக்கு அடுத்த வீட்டில் இருந்தார். பக்கத்துத் தெரு ஹோட்டலில் இனிப்பும் காரமும் அவர் கைதான். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். பெண்டாட்டி பிள்ளை கிடையாது. 'கலெக்டர்' என்று ஒரு கறுப்பு நாய், ஜாங்கிரி, மிக்சர் என்று இரண்டு பூனைகள், எந்தப் பெயர் வைத்தாலும் கொத்த வரும் ஒரு கிளி. இவைதான் குடும்பம்.

கையில் கரப்பான் என்கிற தோல் அரிப்பு அவருக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. வரும், போகும். அந்த வருஷம் ஆடியில் லேசாக அரித்தபோது ஒரு டாக்டர், "பிராணிங்க முடி பட்டாலும் அரிக்கலாம். சுத்தமா வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டார். அன்று முதல் நாலுக்கும் தினம் குளியல். கலெக்டர் கறுப்பிலிருந்து சாம்பலுக்கு வந்துவிட்டது. மாஸ்டர் கையோ விரலிடுக்கெல்லாம் வெடித்து, தோல் உரிந்து, பார்க்கவே சகிக்கவில்லை. நாட்டு வைத்தியர் கத்தரிக்காயையும் கருவாட்டையும் நிறுத்தினார். ஹோட்டல் முதலாளி ஆளையே நிறுத்திவிட்டார்.

"இந்தக் கை புடிச்ச லட்டை எவன்யா திம்பான்? மொதல்ல அந்த மிருகங்களைத் தொலைச்சுக் கட்டு. தீபாவளிக்குள்ள ஆறலேன்னா நான் வேற ஆளைப் பாத்துக்குவேன்!"

மாஸ்டர் நாலையும் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். "அண்ணே, ஒரு பரீட்சை பண்ணிருவோம். ரெண்டு வாரம் இதுங்க உங்ககிட்ட இருக்கட்டும். ஆறலேன்னா எனக்கு வேலை போயிரும். ஆறிடுச்சுன்னா..." கலெக்டரின் தலையைத் தடவினார். "இதுங்களை எங்கயாவது விட்டுறணும்."

சரி என்றேன். மறுநாள் காலை என் கிணற்றடியில் ஒரே குரைப்பு. மாஸ்டர் முழங்கை வரை நுரையோடு உட்கார்ந்திருந்தார்.

"யோவ் மாஸ்டர், பரீட்சைன்னீங்களே?"

"இதுங்க உங்க வீட்லதானே இருக்கு! குளிப்பாட்ட மட்டும்தான் வந்தேன். நீங்க காதுக்குப் பின்னாடி தேய்க்க மாட்டீங்க."

"தினம் முப்பது சைக்கிளைத் துடைக்கிறவன்யா நான்!"

"சைக்கிளுக்குக் காது இல்லீங்களேண்ணே."

இப்படியே இரண்டு வாரம். கலெக்டர் என் கடை வாசலில் படுத்துக்கொண்டு, சைக்கிளை எடுத்துப் போகிறவனைச் சும்மா விடும். திருப்பி விட வருகிறவனை உள்ளே விடாது. மிக்சர் டியூப் பெட்டியில் குடியேறியது. கை மட்டும் ஆறவே இல்லை.

அந்த நேரம் பார்த்து, ஜீயபுரத்தில் மாஸ்டருடைய தங்கச்சி வீட்டுக்காரர் காலை உடைத்துக்கொண்டார். துணைக்குக் கிளம்பிய மாஸ்டர் என்னிடம் ஒரு பெரிய பொட்டலத்தைத் திணித்தார். "நான் போடுற அதே பொடிதான். தண்ணியில கரைச்சு, தினம் தவறாம குளிப்பாட்டிருங்கண்ணே."

குளிப்பாட்டினேன். நான்காம் நாள் எனக்கு அரித்தது. எட்டாம் நாள் என் விரலிடுக்கும் வெடித்தது! கரப்பான் எனக்கும் ஒட்டிக்கொண்டது என்று வீடே அதிரக் கத்தினேன்.

பதினோராம் நாள் மாஸ்டர் வந்தார். கை பளிச்சென்று ஆறியிருந்தது. முகம்தான் செத்துக் கிடந்தது.

"ஆறிடுச்சுண்ணே. அப்ப இதுங்களாலதான் போலிருக்கு." கலெக்டரைத் தொடாமல் தள்ளி நின்றார்.

நான் விடவில்லை. "தங்கச்சி வீட்ல மாடு கன்னு எதுவும் இல்லியா?"

"ரெண்டு மாடு இருக்கு. ஒரு கன்னுக்குட்டி, ராத்திரியெல்லாம் என் கையை நக்கிக்கிட்டே படுத்திருக்கும்."

"அதை யாரு குளிப்பாட்டுறது?"

"அது ஆத்துல தானா குளிச்சுக்கும்ணே."

"பொட்டலத்துல என்னய்யா இருந்துச்சு?"

"சலவை சோடா. பட்சணச் சட்டி தேய்க்கிறது. எப்பேர்ப்பட்ட எண்ணெய்ப் பிசுக்கும் கழண்டு வந்துரும்."

"பிசுக்கு மட்டுமா கழண்டுச்சு?" என்று என் இரண்டு கையையும் அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

மாஸ்டர் என் கையைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். பிறகு தொப்பென்று தரையில் உட்கார்ந்து, நாயையும் பூனைகளையும் ஒன்றாக அள்ளிக் கட்டிக்கொண்டார். ஆங்கில வைத்தியமும் நாட்டு வைத்தியமும் கண்டுபிடிக்காததை இந்த நாலாம் வகுப்பு கண்டுபிடித்தது என்பதை, அழுகைக்கு நடுவே அவர் கவனிக்கவே இல்லை. அந்தத் தீபாவளிக்கு ஹோட்டல் லட்டு அவர் பிடித்ததுதான்.

ஆனாலும் கரப்பான் அடியோடு போகிற ஜாதி இல்லை. ஒவ்வொரு மார்கழியும் பனியோடு வந்து அவர் விரலிடுக்கில் எட்டிப் பார்க்கும். அந்த மாதம் அவர் கை ஈரத்தில் படக்கூடாது என்று, அந்த நாலையும் வெறும் தண்ணீரில் நானேதான் குளிப்பாட்டினேன். மாஸ்டர் பக்கத்தில் நின்று குறை சொல்லிக்கொண்டே இருப்பார். குறை சொல்ல அவர் இல்லாத மார்கழி எனக்கு இன்னும் பழகவில்லை.