நான் மேலே போன கதை

பத்தொன்பது வயதில் ஒருவனுக்குத் தலைக்குள்ளே இருக்க வேண்டிய சரக்கெல்லாம் தலைக்கு மேலே முடியாக வளர்ந்துவிடுகிறது. எனக்கு நல்ல அடர்த்தி.

சண்டைக்காலம். மதுரையில் இன்டர்மீடியட் முடித்திருந்தேன். அடுத்து பி.ஏ. என்பது அய்யாவின் முடிவு. திருவாதவூரில் எங்கள் வீட்டு வாசலில் என் பெயரும் பட்டமும் எழுதிய பலகை தொங்க வேண்டும் என்று, நான் பள்ளிக்கூடம் தாண்டுவதற்கு முன்பே அவர் ஆணி அடித்துவைத்துவிட்டார். பட்டம் வரும்வரை சும்மா இருக்க வேண்டாமே என்று அந்த ஆணியில் மாட்டுக் கயிறு தொங்கியது.

அப்போதுதான் விமானப் படைக்கு ஆள் எடுக்க ஒரு வெள்ளைக்கார அதிகாரி எங்கள் காலேஜுக்கு வந்தார். பி.ஏ.வுக்கு இன்னும் இரண்டு வருடம் பெஞ்சைத் தேய்க்க வேண்டும். அவரோ சில மாதங்களில் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பதாகச் சொன்னார். சண்டை அவசரத்தில் எல்லாமே குறுக்குவழிப் பயிற்சியாம். போதாக்குறைக்குத் தோல் கோட்டு. (மதுரை வெயிலில் தோல் கோட்டுக்குள் மனுஷன் வெந்துபோவான் என்று யோசிக்க வேண்டிய இடத்தில்தான் முடி வளர்ந்திருந்ததே!)

ஒரே ஒரு சிக்கல். எனக்கு வயது போதாததால் அய்யா சம்மதம் சொல்ல வேண்டும். காலேஜில் சேரக் கடைசி நாளும் நெருங்கிவிட்டது. இரண்டில் ஒன்றை அந்த வாரமே சொல்லியாக வேண்டும். அய்யாவிடம் விமானம் என்ற பேச்சை எடுத்தாலே சாட்டைக்கம்பை எடுப்பார்.

யோசனை சொன்னவன் சோணை. என் அத்தை மகன், காளவாசல் பக்கம் என்னோடு ஒரே அறையில் குடியிருந்தவன்.

"மாப்ள, சனிக்கிழமை ஒன்னைய பிளேன்ல ஏத்திப் பார்க்கப் போறாங்கள்ல? நான் சைக்கிளை மிதிச்சு ஊருக்குப் போறேன். மாமாவ வெளிய கூட்டியாந்து வானத்தைக் காட்டுறேன். மகன் பறக்கிறதப் பாத்தா மனசு எளகிடும்."

விமானம் அரைமணியில் இறங்கிவிடும், சைக்கிள் ஊர் போய்ச் சேர உச்சி வெயிலாகிவிடும் என்பது எங்கள் இருவருக்குமே உறைக்கவில்லை. (இன்டர்மீடியட்டில் நான் கணக்கு எடுத்தவன்.)

சனிக்கிழமை காலையில், வயிறு கெட்டியாக இருந்தால் பயம் வராது என்று சோணை எனக்குப் பருத்திப்பால் வாங்கிக்கொடுத்தான். வேண்டும் வேண்டும் என்று கேட்டு, கடைக்காரர் அண்டாவைச் சாய்க்கிறவரை குடித்தேன். ஊருக்குத் தெற்கே, சண்டைக்காகப் போட்டிருந்த விமானத் திடலுக்குப் போனோம். மேல்கூரை இல்லாத சின்ன விமானம். முன்னால் நான், பின்னால் அதிகாரி. கண்ணுக்குப் பெரிய கண்ணாடி. சக்கரம் தரையை விட்டதும் சோணை சைக்கிளில் ஏறினான்.

யானைமலையை நான் அதுவரை பக்கவாட்டில்தான் பார்த்திருக்கிறேன். அன்று அது தலைகீழாக வந்தது. அதிகாரி ஒரு திருப்பு திருப்பினார். மலை ஒரு பக்கம், வைகை ஒரு பக்கம், பருத்திப்பால் எல்லாப் பக்கமும். நான் முன்சீட்டு, காற்று பின்னோக்கி. மிச்சத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். அதிகாரி ஊகிக்க வேண்டிய அவசியமே இல்லை. முழுவதும் அவருக்கே போய்ச் சேர்ந்தது. என் பங்குக்குச் சட்டையில் கொஞ்சம்.

இறங்கியதும் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு மரியாதையாகத்தான் பேசினார். காலேஜ் மிக நல்ல இடம் என்றார்.

நான் திடலோரம் வேப்பமர நிழலில் சுருண்டு கிடந்த நேரத்தில், சோணை திருவாதவூரில் எங்கள் வயலில் போய் விழுந்தான். மூச்சு வாங்க வாங்க அவன் சொன்ன முதல் வார்த்தை:

"மாமா, பாண்டி மேல போயிட்டான்!"

அய்யா கையிலிருந்த மண்வெட்டி நழுவியது.

"என்னடா சொல்ற? எப்படா?"

"காலையிலதான் மாமா. நல்லாப் பருத்திப்பால் குடிச்சுட்டு, சிரிச்ச மூஞ்சியாப் போனான்."

"பக்கத்துல யாருடா இருந்தா?"

"ஒரு வெள்ளைக்காரன் மாமா. அவனும் சேந்துதான் போனான்."

அய்யா வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

"எப்ப எடுக்கிறாங்களாம்?"

விமானத்தை எப்போது எடுப்பார்கள் என்று கேட்கிறார் என நினைத்தான் சோணை. "எடுத்துட்டாங்க மாமா! நான் கண்ணால பாத்துட்டுத்தானே வாரேன்."

"அடப்பாவிகளா, பெத்தவன் மொகம் பாக்காமலேயே எடுத்துட்டாங்களா!"

அவ்வளவுதான். அய்யா போட்ட சத்தத்தில் பக்கத்து வயலெல்லாம் கூடிவிட்டது. சோணை தண்ணீர் குடிக்கக் கிணற்றடிக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தால் ஊரே அழுகிறது. என்ன விஷயம் என்று கேட்டான். "பாண்டி செத்துட்டானாம்ப்பா" என்றார்கள். தான் கிளம்பி வந்த பிறகு விமானம் விழுந்து, அந்தச் செய்தி எப்படியோ தன்னை முந்திக்கொண்டு வந்துவிட்டது என்று அவன் நம்பிவிட்டான். தான் கொண்டுவந்த செய்திக்கே தரையில் புரண்டு அழுத ஒரே மனிதன் சோணைதான். அழுத கையோடு, சைக்கிள் வைத்திருந்த குற்றத்துக்காக அவனையே அக்கம்பக்கத்து ஊர்களுக்குக் கேதம் சொல்ல அனுப்பிவிட்டார்கள். அம்புட்டு ஊருக்கும் போய் நன்றாகவே சொல்லியிருக்கிறான்.

நான், பெட்ரோல் பஞ்சத்தால் கரிப்புகையில் ஓடிய பஸ்ஸில் ஒத்தக்கடை வந்து, அங்கிருந்து ஒரு மாட்டுவண்டியில் தொற்றிக்கொண்டு ஊர் எல்லையை அடைந்தபோது சாயங்காலம். தூரத்திலேயே கொட்டுச் சத்தம் கேட்டது. எங்கள் வீட்டு முன்னால் பந்தல். சனங்களான சனங்கள். எனக்கு மெய்சிலிர்த்தது. சோணை சொன்னபடியே செய்துவிட்டான், நான் பறந்ததைப் பார்த்து ஊரே வரவேற்கிறது என்று நினைத்தேன். சட்டைக் கறையைத் துண்டால் மறைத்து, முடியைக் கோதிவிட்டு, வண்டியிலிருந்து குதித்து, இரண்டு கைகளையும் கூப்பியபடி நடந்தேன்.

திடலின் புழுதி அப்பி என் முகம் வெள்ளைவெளேர் என்றிருந்தது. கண்ணாடி போட்டிருந்த இடத்தில் மட்டும் இரண்டு கறுப்பு வட்டம். முதலில் கொட்டு நின்றது. பிறகு கொட்டடித்தவர்களைக் காணவில்லை. ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த அத்தை என்னைப் பார்த்தாள்.

"ஆத்தாடி! போனவன் வந்துட்டான்டி!"

பந்தல் காலியாகிவிட்டது. ஆத்தா மட்டும் ஓடவில்லை. பேயாக இருந்தாலும் தன் பிள்ளைதானே என்று கட்டிக்கொண்டாள். அய்யா வந்து என் கையைத் தொட்டார். சூடாக இருந்தது. ஓங்கி ஓர் அறை. அப்புறம் கட்டிக்கொண்டு குலுங்கினார். அப்புறம் இன்னோர் அறை. அதில் விமானப் படை விஷயம் என் வாயிலிருந்து வெளியே வந்துவிட்டது.

"சொல்லுடா. மேல போறியா, மேல படிக்கிறியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் துண்டு நழுவி, என் சட்டை பதில் சொல்லிவிட்டது. அய்யா முகர்ந்து பார்த்தார்.

"படிக்கிறேன்யா" என்றேன்.

அப்போது பார்த்துக் கேதம் சொல்லிவிட்டுத் திரும்பிய சோணை, என்னைக் கண்டதும் சைக்கிளோடு சாக்கடைக்குள் இறங்கினான்.

என் உயிர் திரும்பியதற்காக ஆத்தா நேர்ந்துகொண்டதில் அழகர்கோயிலில் என் முடி போனது. அதன் பிறகுதான் உள்ளே கொஞ்சம் வளர்ந்திருக்க வேண்டும், பி.ஏ. தேறிவிட்டேன். அய்யா மாட்டுக் கயிற்றை எடுத்துவிட்டுப் பலகையை மாட்டினார்.

சோணையின் தங்கையைத்தான் கட்டிக்கொண்டேன். அண்ணன் புத்தி அப்படியே இருக்கிறது அவளுக்கு. நான் மொட்டைமாடியில் வற்றல் காவலுக்கு இருக்கும்போது யாராவது என்னைத் தேடி வந்தால், முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, "அவரு மேல போயிட்டாரே" என்பாள். எங்கள் தெருவுக்குப் பழகிவிட்டது. "எப்ப எறங்குவாரு?" என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள்.

எனக்கு இப்போது ஒரே கவலைதான். நிஜமாகவே நான் போகிற அன்றைக்கு எங்கள் ஊரில் ஒருத்தனும் அழப்போவதில்லை. சாயங்கால வண்டிக்கு வந்துவிடுவான் என்று ஆளுக்கொரு டம்ளர் பருத்திப்பாலோடு காத்திருப்பார்கள்.