ஸ்பைரல் போட்ட கேள்விக்குறி

புதுச்சேரியில் முனைவர் பட்டம் வாங்கிய அத்தனை பேரின் ஆய்வேட்டையும் ஒரு வரி விடாமல் படித்த ஒரே ஆள் ஸ்பைரல்தான். வழிகாட்டிகள் படித்தார்களா என்பது சந்தேகம். எழுதியவர்களே படித்தார்களா என்பது அதைவிடப் பெரிய சந்தேகம்.

சாரம் பகுதியில் ஜெராக்ஸ், பைண்டிங் கடை வைத்திருந்ததால் வந்த பட்டப்பெயர் அது. பிறந்தது வைத்திக்குப்பம். படகில் கால் வைத்தாலே வாந்தி வருகிற மீனவன் என்பதால் ஊருக்குள் வந்து கடை போட்டுவிட்டான். படிக்காமல் எதையும் பைண்டிங் பண்ணமாட்டான். புரியாத இடத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி. அதற்குப் பதில் சொன்னால்தான் ஸ்பைரல் கம்பி ஏறும். பதில் கிடைக்காமல் ஒரு பொருளாதார மாணவர் கல்யாணத்தையே தள்ளிவைத்ததாகக் கேள்வி.

நாற்பது வயதில் விவிலியத்தில் முனைவர் பட்டத்துக்குக் கிளம்பிய நான், என் ஆய்வுத் திட்டத்தை அவனிடம் கொடுத்தேன். சேர்க்கை கிடைத்தால்தான் கல்லூரி வேலை. இல்லையென்றால் ஆயுசுக்கும் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்புதான். கரையில் உயிர்த்தெழுந்த இயேசுவைப் பார்த்ததும் மீனவச் சீடர் பேதுரு மேலாடையைக் கட்டிக்கொண்டு படகிலிருந்து கடலில் குதிக்கிறாரே, அந்த இடம்தான் என் தலைப்பு. 'கட்டிக்கொண்டு' என்ற ஒரு சொல்லையே பதினெட்டுப் பக்கம் ஆராய்ந்திருந்தேன்.

மறுநாள் பார்த்தால் பதினெட்டுக்கும் சேர்த்து ஒரே கேள்விக்குறி.

"இன்னாக்கா இது? கடல்ல குதிக்கிறவன் இருக்கிற துணியக் கழட்டிட்டுக் குதிப்பான். இவரு எடுத்துக் கட்டிக்கினு குதிக்கிறாரே, ஏன்?"

"தமிழ்ல அது வினையெச்சம்டா."

"ஈரத்துணி கால சுத்திக்கினா எச்சமே மிஞ்சாதுக்கா."

எடுத்த கம்பியைத் திரும்ப வைத்துவிட்டான். "முன்னாடி சேவல் கூவறதுக்குள்ள மூணு தடவ, இவர எனக்குத் தெரியாதுன்னு சொன்ன ஆளுதானே? வெக்கம்க்கா. மூஞ்சியக் காட்டவும் முடியல, போவாம இருக்கவும் முடியல. எதையாவது எடுத்துப் போத்திக்கினாதான் கிட்டப் போவ முடியும்."

அன்றைக்கே பதினெட்டுப் பக்கத்தையும் கிழித்துப் போட்டுவிட்டு, வெட்கத்தைப் பற்றிப் புதிதாக எழுதினேன்.

நேர்காணலில் துறைத் தலைவரான ஃபாதர் அதைப் படித்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "இந்தக் கோணம் எப்படித் தோணுச்சு?"

"கிரேக்க மூலத்தத் திரும்பத் திரும்ப வாசிச்சப்போ, ஃபாதர்."

"மீனவங்க யார்கிட்டயாவது பேசினீங்களா?"

"இல்ல ஃபாதர்."

அப்போது கதவைத் தட்டிக்கொண்டு ஸ்பைரல் வந்து நின்றான். நான் கடையில் மறந்துவிட்ட மூன்றாவது பிரதியைக் கொடுக்க, வெயிலில் சைக்கிள் மிதித்து வந்திருக்கிறான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"உங்களுக்குத் தெரிஞ்சவரா?" என்றார் ஃபாதர்.

எழுதவே கூசுகிறது. "ஜெராக்ஸ் கடை ஆளா இருக்கும் ஃபாதர். சரியாத் தெரியல."

"ஆமா சார், கடைக்காரன்தான்" என்று பிரதியை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். சேவல் எதுவும் கூவவில்லை. கேன்டீனில் மிக்ஸிதான் ஓடியது. எனக்கு இடம் கிடைத்தது.

ஒரு வாரம் சாரம் பக்கமே தலைகாட்டவில்லை. பால் வாங்கக்கூடச் சுற்றிப் போனேன். எட்டாம் நாள் உட்கார்ந்து ஃபாதருக்கு ஒரு கடிதம் எழுதினேன். யோசனை என்னுடையதல்ல, அன்று வந்தவருடையது, அவரை எனக்கு நன்றாகவே தெரியும், அவர் பெயர்... அங்கே பேனா நின்றுவிட்டது. ஐந்து வருஷப் பழக்கம். ஒரு நாளும் பெயரைக் கேட்டதில்லை. அதை நினைத்தபோது இன்னும் கேவலமாக இருந்தது.

பெயர் வரவேண்டிய இடத்தில் கோடு மட்டும் போட்டு, கடிதத்தை எடுத்துக்கொண்டு அவன் கடைக்குப் போனேன். கடைப் படியேறுமுன் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

வழக்கம்போல ஒரு வரி விடாமல் படித்தான். "இதக் குடுத்தா சீட்டு போயிடுமேக்கா."

"போனா போவட்டும்டா."

பென்சிலை எடுத்தான். கோட்டின் மேல் நிதானமாகத் தன் பெயரை எழுதினான். கடிதம் ஃபாதரிடம் போனது, சீட்டு போகவில்லை; அந்தப் பெயர் இப்போது என் ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் இருக்கிறது.

அன்று கடை வாசலில் நின்று காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எங்கேயும் கேள்விக்குறி போடவில்லை.