மாப்பிள்ளையின் சிலிண்டர்

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். அங்கே நீங்களும் என் மகளும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குளிர் அதிகம் என்றால் காதை மூடிக்கொண்டு வெளியே போகவும். வீட்டில் எல்லாம் சுகம். அந்த ‘எல்லா’வற்றில் உங்கள் வண்டி மட்டும் சேராது. தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு மேலே படிக்கவும்.

ஆறு மாத வேலைக்குக் கிளம்பும்போது, “மாமா, வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓட விடுங்க, வேற ஒண்ணும் பண்ண வேண்டாம்” என்று சொல்லிச் சாவியை என் கையில் கொடுத்தீர்கள். கல்யாணமான மூன்று வருடத்தில் நீங்கள் என்னிடம் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். மற்றபடி நமக்குள் “சாப்பிட்டீங்களா மாமா”, “ஆச்சு மாப்பிள்ளை”, அத்தோடு சரி. முதன்முதலில் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று பெண்ணைப் பார்ப்பதற்கு முன்பே வாசலில் நின்ற என் டூ-ஸ்ட்ரோக்கைப் பார்த்து, “இதே மாடல்தான் நானும் வச்சிருக்கேன்” என்றீர்கள். இவர்தான் மாப்பிள்ளை என்று நான் அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன். பெண்ணிடம் பிறகுதான் கேட்டோம். ஆகவே அது எனக்குச் சும்மா ஒரு சாவி அல்ல. இனி எழுதப்போவதைப் படித்தபின் அந்த “சாப்பிட்டீங்களா”வையும் நிறுத்திவிடுவீர்களோ என்று பயந்துகொண்டேதான் எழுதுகிறேன்.

மூன்றாவது வாரம் உங்கள் வண்டியைக் கிளப்பினேன். உள்ளே யாரோ டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவது போல் கடகடவென்று ஒரு சத்தம். அச்சகத்தில் முப்பத்தொரு வருடம் பிழை திருத்தியவன் நான். பிழை கண்ணில் பட்டால், காதில் பட்டாலும்தான், கை சும்மா இருக்குமா? சிலிண்டரைக் கழற்றினேன். ஆனால் சரியாக இருப்பது எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தானே சரியில்லாதது தெரியும்? அதனால் பக்கத்தில் நின்ற என் வண்டியின் சிலிண்டரையும் கழற்றி, இரண்டையும் மண்ணெண்ணெயில் கழுவிச் செய்தித்தாளில் வைத்தேன். உங்கள் அத்தை துடைப்பத்தோடு வந்து, “எது யாரோடதுன்னு எழுதி வைங்க, நான் கூட்டணும்” என்றாள். “முப்பது வருஷமா ஓட்டுறேன், என் வண்டியை எனக்குத் தெரியாதா? நீ கூட்டு” என்றேன். கூட்டினாள்.

உங்கள் சிலிண்டரைத் துணியில் சுற்றி லேத்துப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அந்த லேத்துக்காரரை எல்லோரும் மைக்ரான் என்றுதான் கூப்பிடுவார்கள். மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் வரும் அந்த ஒரு பங்கைவிடப் பெரிய அளவு அவர் வாயில் வராது. கருவியை உள்ளே விட்டு மேலே, நடுவே, கீழே என்று அளந்தார். “சார், இது தேயவே இல்லையே. அப்படியே கொண்டுபோய் மாட்டுங்க” என்றார். எனக்கு வந்ததே கோபம்! “வண்டி கதறினதை என் காதால கேட்டேன் ஐயா. இது என் மாப்பிள்ளை வண்டி. போர் பண்ணுங்க” என்றேன். தேய்ந்த சிலிண்டரைக் கால் மில்லிமீட்டர் பெரிதாக அறுத்து அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடலாம், பிறகு அரை, முக்கால், ஒன்று, அதோடு ஆயுள் முடிந்தது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. நான் இப்போதுதான் கற்றேன் என்பதால் எழுதுகிறேன். “சரி, பிஸ்டன் எங்க?” என்றார். “முதல்ல அறுங்க, அப்புறம் வாங்கிக்கலாம். காலை அளந்துதானே செருப்பு வாங்குறோம்” என்று மடக்கினேன். “பிஸ்டனுக்குப் பிஸ்டன் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும் சார், அதைக் கையில வச்சுக்கிட்டு அளந்துதான் அறுக்கணும்” என்றார். நான் காதில் வாங்கவில்லை. கால் மில்லிமீட்டர் அறுத்தாயிற்று. பிறகு கடை கடையாக ஏறி இறங்கினால், கால் அளவுப் பிஸ்டன் வந்தே இரண்டு வருடமாகிறதாம். இருப்பது அரையும் ஒன்றும்தான்.

அரை அளவுப் பிஸ்டனோடு திரும்பிப் போனேன். மைக்ரான் தலையை ஒரு மாதிரி ஆட்டினார். அதோடு நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். “பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவுல இடைவெளியே இருக்கக்கூடாது, இடைவெளி இருந்தாத்தானே சத்தம் வருது?” என்றேன். “சூடானா பிஸ்டன் விரியும் சார், எடம் விடணும்” என்றார். “விரியாது” என்றேன். என்ன தைரியத்தில் அப்படிச் சொன்னேனோ! மனுஷன் பெருமூச்சு விட்டு நான் கேட்டபடியே அறுத்துக் கொடுத்தார். மாட்டினேன், கிளப்பினேன், சத்தமே இல்லை. தெருவில் ராஜா மாதிரி போனேன். முடிதிருத்தும் கடைக்கு எதிரே பிஸ்டன் விரிந்தது. எஞ்சின் அப்படியே கப்பென்று பிடித்துக்கொண்டு, பின்சக்கரம் நின்று, வண்டி கீச்சென்று இழுத்துக்கொண்டுபோய்ப் பூச்செடிக்காரர் தொட்டிகளுக்கு நடுவே என்னை உட்கார வைத்தது. பாதி முகத்தில் நுரையோடு ஒருவர் வெளியே ஓடி வந்து பார்த்தார். எனக்கு ஒன்றுமில்லை, முழங்கையில் சின்னச் சிராய்ப்பு. என் மகளிடம் சொல்ல வேண்டாம்.

உள்ளே கீறல் ஆழமாம். முக்காலில் போகாது, நேரே ஒன்றுக்குத்தான் போக வேண்டும் என்றார் மைக்ரான். இம்முறை நான் பிஸ்டனைக் கொடுத்துவிட்டு மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்து வாயே திறக்கவில்லை. வண்டி இப்போது ஓடுகிறது மாப்பிள்ளை, பொய் சொல்லவில்லை, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல ஓடுகிறது. ஆனால் நாலு ஆயுளோடு நீங்கள் நம்பி விட்டுப்போன சிலிண்டரை ஒரே மாதத்தில் கடைசி ஆயுளுக்குக் கொண்டுவந்துவிட்டேன். இனி அதை அறுக்க முடியாது.

பட்ட காலிலேயே படுவது என்பார்களே, அந்தக் கதையாக என் வண்டியைத் திரும்ப மாட்டிக் கிளப்பினால் அதுவும் கடகடவென்கிறது! உங்கள் வண்டியின் நோய் பக்கத்தில் நின்றதில் தொற்றிக்கொண்டது போலிருக்கிறது. போகட்டும், எனக்கு இது வேண்டியதுதான்.

இன்னொன்று. இதைச் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை, ஆனாலும் பெண்ணைப் பெற்றவன். உங்கள் சிலிண்டரின் வெளிப்புறத்தில் சீப்புப் பல் போல நிற்கும் தகடுகளில் ஒன்று உடைந்திருக்கிறது. எங்கோ பலமாக மோதியிருக்கிறீர்கள். வேகம் வேண்டாம் மாப்பிள்ளை. நான் யாரிடமும் மூச்சு விடவில்லை.

நடந்த அனைத்துக்கும் மன்னிக்கவும். கோபமிருந்தால் திட்டியாவது ஒரு வரி எழுதவும், பேசாமல் மட்டும் இருந்துவிட வேண்டாம். இருவரும் நீண்ட நாள் நோய்நொடியில்லாமல், சத்தமில்லாமல் ஓட ஆசிகள்.

இப்படிக்கு,
தலைகுனிந்த மாமனார்

பின்குறிப்பு: உறையில் போடுமுன் உங்கள் அத்தை இதை வாங்கிப் படித்தாள். உடைந்த பல் வரைக்கும் வந்தவள், எழுந்துபோய் உங்கள் வண்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து பார்த்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தவள் இன்னும் நிறுத்தவில்லை. “என்னங்க, பொண்ணு பொறந்திருக்குன்னு சேதி கேட்டு ஓடி வந்து ஆஸ்பத்திரி கேட்டுல மோதுனீங்களே, அன்னிக்கு உடைஞ்ச பல்லுங்க இது!”

ஆகவே, பிழைதிருத்தம்: மேலே ‘உங்கள் சிலிண்டர்’ என்று வரும் இடங்களிலெல்லாம் ‘என் சிலிண்டர்’ என்று வாசிக்கவும். மன்னிப்பு வரும் பத்தியை அடித்துவிடவும். வேகம் பற்றிய அறிவுரை எனக்கே. உங்கள் சிலிண்டர் நாலு ஆயுளும் குறையாமல் என் வண்டியில் கடகடத்துக்கொண்டிருக்கிறது. என்னுடையது உங்கள் வண்டியிலேயே இருக்கட்டும். பெண்ணையே கொடுத்தவனுக்குச் சிலிண்டர் ஒரு பெரிய விஷயமா?

வரும்போது அங்கிருந்து கால் மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் ஒன்று வாங்கி வரவும். அது கையில் வந்த பிறகுதான் அறுப்பு. நாம் இருவரும் சேர்ந்தே போவோம். மைக்ரானிடம் நீங்கள் பேசுங்கள், நான் ஸ்டூலில் உட்கார்ந்துகொள்கிறேன்.