பத்து விரலும் மூன்று வாசலும்

விரலில் மை தடவித் தாளில் ஒற்றினால் போதும். உங்கள் மூளை எந்த வாசல் வழியாகப் பாடத்தை உள்ளே விடும் என்று 'கற்றல் வல்லுநர்' சொல்லிவிடுவார். கண்ணா, காதா, கையா? மூன்றே வாசல். வரிசை மாடிப்படி இறங்கித் தெருவுக்கே வந்துவிட்டது. படித்தவர்கள்தான் முண்டியடித்தார்கள். கைரேகை ஜோசியம் என்றால் அவர்களுக்குக் கேவலம். இது அறிவியல் ஆயிற்றே!

ஆஸ்பத்திரி ஆய்வுக்கூட வேலைக்கான தேர்வில் இரண்டு முறை தோற்ற ஒரு தங்கைக்கு 'காது' என்று வந்தது. மூன்றாவது முறைதான் கடைசி. அன்றே புத்தகத்தை மூட்டை கட்டிவிட்டு, பாட ஒலிப்பதிவைக் காதில் மாட்டிக்கொண்டு பத்து நாளாகத் தலையாட்டினாள்.

"எவ்வளவு ஞாபகம் இருக்கு?" என்றாள் அக்கா. கட்டடங்களில் சிமென்ட் பூசுகிறவள்.

"கேக்கும்போது எல்லாம் புரியுதுக்கா."

"நான் அதையா கேட்டேன்?"

தங்கை ஒலிப்பதிவை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள்.

மறுநாள் அக்காவும் போய் வரிசையில் நின்றாள். வல்லுநர் அவள் விரல் பத்தையும் ஒற்றி, பூதக்கண்ணாடியில் பார்த்து, சிலிர்த்துப் போனார்.

"அபூர்வமான சுழிம்மா! ரேகை ஒவ்வொண்ணும் என்ன ஆழம்! நீங்க கண் வழியா படிக்கிற ரகம்."

அக்கா தாளைத் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டினாள். பத்துக் கறுப்புத் திட்டு. கோடு மருந்துக்கும் இல்லை.

"பன்னெண்டு வருஷமா சிமென்ட்ல கிடந்த கை சார், தேஞ்சு போச்சு. வேலை எடத்துல வருகைப் பதிவு மிஷினுக்கே என் விரல் தெரியாது. நீங்க எந்தச் சுழியைப் பாத்தீங்க?"

"அது... சூட்சும ரேகை. கண்ணுக்குத் தெரியாது."

"அப்ப பூதக்கண்ணாடி எதுக்குங்க?" என்றார் வரிசையில் ஒருவர். வல்லுநருக்குத் திடீரென்று வெளியே அவசர வேலை வந்துவிட்டது.

வீட்டில் தங்கை அழுதாள். "பத்து நாள் வீணாப்போச்சேக்கா!"

"இன்னும் இருபது நாள் இருக்குல்ல? ஒரு பாடத்தைப் படி, ஒண்ணைக் கேளு, ஒண்ணை எனக்குச் சொல்லிக் குடு. மறுநாள் புத்தகத்தைத் திறக்காம எழுதிப் பாரு. எது தங்குதுன்னு உனக்கே தெரியும்."

சொல்லிக் கொடுத்ததுதான் தங்கியது. அக்கா குறுக்கே கேட்ட கேள்விக்குத் திணறிய இடத்தையெல்லாம் மறுபடி படித்தாள். தேறிவிட்டாள்.

வல்லுநர் இப்போது நாலு தெரு தள்ளி உள்ளங்காலைப் பார்த்துச் சொல்கிறார். வரிசையில் எல்லோரும் செருப்பைக் கையில் பிடித்தபடி நிற்கிறார்கள். மூளை எப்படி வேலை செய்கிறது என்று கேட்கத்தானே ஐயா நிற்கிறீர்கள்? நிற்கிற நேரத்தில் அதைக் கொஞ்சம் வேலை செய்ய விட்டால்தான் என்ன?